தாய்ப்பன்றிக்கு ஒரு படுக்கை

அந்தப் பன்றிப் பண்ணையில் அவளுக்கு வைத்த பெயர் பிரசவக்கா. பிரசவக் கொட்டகை அக்கா என்று நீட்டி முழக்க யாருக்கும் பொறுமையில்லை. நடுவில் இருந்ததை விழுங்கிவிட்டு இரண்டு முனையையும் ஒட்டிவிட்டார்கள். அவளுக்கும் அது பிடித்தே இருந்தது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் இப்போது தபால்காரரும் பல் டாக்டரும் மட்டும்தான். பல் டாக்டரிடம் போனால், பெயரை இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் அது தன்னைத்தான் என்று நினைவுக்கு வந்து எழுந்திருப்பாள்.

அவள் கணவருக்கும் இதே கதிதான். பண்ணையின் கழிவுநீர் மோட்டாரைப் பார்த்துக்கொள்கிறவர் என்பதால் மனுஷனுக்கே மோட்டார் என்று பெயர் வந்துவிட்டது. இரண்டு பேர் வேலைக்கும் நடுவில் இருந்தது ஒரு தரைதான். பிரசவக் கொட்டகையின் தரை முழுத் தரையல்ல, விரல் நுழைகிற அளவு இடைவெளி விட்டு அடுக்கிய சிமெண்ட் பலகைகள். சாணமும் மூத்திரமும் கழுவின தண்ணீரும் அந்த இடைவெளி வழியாகக் கீழே இருக்கிற தொட்டியில் விழும். அதை மோட்டார் உறிஞ்சி வெளியே தள்ளும். தரைக்கு மேலே நடப்பதெல்லாம் அவள் பாடு, கீழே விழுவதெல்லாம் அவர் பாடு. பத்தொன்பது வருஷமாக இப்படித்தான். எந்தப் பன்றிக்கு வயிறு சரியில்லை என்று அவர் கீழேயிருந்தே சொல்லிவிடுவார். அதன் முகத்தை ஒருமுறையாவது நின்று பார்த்திருப்பாரா என்றால் சந்தேகம்தான்.

கொட்டகையில் இருபத்துநான்கு கம்பிக் கூண்டுகள், ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு. குட்டி போடப் போகிற தாய்ப்பன்றியை ஒரு வாரம் முன்பே கொண்டுவந்து கூண்டுக்குள் விடுவார்கள். நிற்கலாம், படுக்கலாம். திரும்ப முடியாது. புரண்டு குட்டிகளை நசுக்கிவிடக் கூடாதே என்று அப்படி வடிவமைத்ததாகச் சொல்வார்கள். யாரோ மேஜைமேல் காகிதத்தை விரித்து அளவெடுத்து வரைந்த கூண்டு அது. வரைந்தவர் ஒரு நாள் அதற்குள் படுத்துப் பார்த்திருந்தால் இன்னும் நாலு விரல் சேர்த்து வரைந்திருப்பார் என்பது பிரசவக்காவின் கட்சி.

பெயர் வைக்கக் கூடாது, காதில் இருக்கிற எண்தான் என்பது பண்ணை விதி. அவள் அதை மீறவில்லை. எண்ணையே பெயர் மாதிரி கூப்பிட்டுவிட்டால் யார் என்ன சொல்ல முடியும்? நாற்பத்தொன்றுக்குக் கை கால் சும்மா இருக்காது. கூண்டுக் கதவின் கொண்டியை மூக்கால் தூக்கிவிட்டால் திறக்கும் என்று இரண்டே நாளில் கண்டுபிடித்தது அதுதான். பூட்டு போட்ட பிறகும் தினம் காலையில் ஒரு முறை தூக்கிப் பார்க்கும், ஒருவேளை யாராவது பூட்ட மறந்திருந்தால் என்று. பதினேழு கோபித்துக்கொள்வதில் கைதேர்ந்தது. பக்கத்துக் கூண்டுக்கு முதலில் தீனி போட்டுவிட்டால் போச்சு, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உடம்பைத் திருப்ப இடமில்லை, அதனால் முகம் மட்டும். அறுபத்துமூன்று பயந்த சுபாவம். பொதுக் கொட்டகையில் அதற்கு ஒரே ஒரு தோழி. இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டித்தான் தூங்கும். தோழியை வேறு கொட்டகைக்கு மாற்றின அன்று அது இரண்டு வேளை தீனியை மோந்துகூடப் பார்க்கவில்லை.

குட்டிகள் பிறந்த கொஞ்ச நேரத்திலேயே தாயின் குரலைப் பிடித்துக்கொள்ளும். பால் சுரப்பதற்கு முன்னால் தாய் மெல்ல உறுமத் தொடங்கும். பால் வரப்போகிற நேரத்தில் அந்த உறுமல் வேகமெடுக்கும். தூங்குகிற குட்டிகள் எல்லாம் எழுந்து விழுந்தடித்துக்கொண்டு அவரவர் காம்புக்கு ஓடும். ஒரு குட்டியின் காம்பை இன்னொன்று தொட்டால் அங்கே பெரிய வழக்கே நடக்கும். பிரசவக்கா முக்காலியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வீட்டுக் கவலை, முழங்கால் வலி எதுவும் தெரியாது. அந்த வேலையில் அவள் சந்தோஷமாகவே இருந்தாள். அதைச் சொல்ல அவள் வெட்கப்பட்டதும் இல்லை.

அதற்காக அவளை ஒன்றும் அறியாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். குட்டிகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று அவளுக்குத் தெரியும். அது அவள் கையில் இல்லை. ஆனால் வண்டி வருகிற வரைக்கும் இருக்கிற நாட்கள் அவள் கையில் இருந்தன. அந்த நாட்களைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள்.

ஒரே ஒரு விஷயம்தான் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. குட்டி போடுவதற்கு முந்தின நாள் தாய்ப்பன்றிக்குப் படுக்கை போட்டாக வேண்டும். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, உடம்பே சொல்லிவிடும். வெளியே விட்டால் குழி பறித்து, புல்லும் குச்சியும் வாயில் கவ்விக் கொண்டுவந்து, அடுக்கி, பிடிக்காமல் கலைத்து, மறுபடி அடுக்கி, மணிக்கணக்காக மாய்ந்து மாய்ந்து வேலை செய்யும். கூண்டுக்குள் வைக்கோல் கூடாது, தொட்டி அடைத்துக்கொள்ளும். அதனால் பெரும்பாலான பன்றிகள் கம்பியைக் கடித்துக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பழகியும் போயிருந்தது, வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

பழக்கத்தை உடைத்தது எண்பத்தெட்டு. அதற்கு அது முதல் பேறு. கம்பியைக் கடித்து ஈறில் ரத்தம் வந்துவிட்டது. பிறகு கடிப்பதை விட்டது. வெறும் சிமெண்டை முன்னங்காலால் பறித்தது. தலையைத் தாழ்த்தி, வாயைத் திறந்து, எதையோ கவ்வியது. அங்கே கவ்வ ஒன்றுமே இல்லை. கவ்வின அந்த ஒன்றுமில்லாததை மெதுவாகப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது. மூக்கால் சரிசெய்தது. மறுபடி தலையை நீட்டி இன்னொரு வாய் எடுத்துவந்தது. பிரசவக்கா அரை மணி நேரம் பார்த்தாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. தன் முழங்காலுக்குக் கீழே போட்டுக்கொள்ளும் சணல் சாக்கை எடுத்துக் கம்பிக்குள் நுழைத்துவிட்டாள்.

எண்பத்தெட்டு அந்தச் சாக்கை இழுத்தது, மடித்தது, மிதித்தது, உதறியது. சாயங்காலம் அதன்மேல் தாடையை வைத்துப் பெருமூச்சு விட்டுப் படுத்தது. பத்துக் குட்டி, ஒன்றுகூட நசுங்கவில்லை. காலையில் சாக்கை உருவி மடித்துப் பைக்குள் வைத்தபோது, பிரசவக்காவுக்குத் திருடின மாதிரியும் இருந்தது, பரீட்சையில் பாஸான மாதிரியும் இருந்தது.

அதற்குப் பிறகு எந்தத் தாய்ப்பன்றியும் சாக்கில்லாமல் குட்டி போடவில்லை. தீனி வருகிற சணல் சாக்கு எப்படியும் நாலைந்து கிடக்கும். காதும் காதும் வைத்த மாதிரி எட்டு மாதம் ஓடியது. பிறகு பண்ணையில் தீனிக்கான தானியத்தை மொத்தமாக டேங்கர் லாரியில் கொண்டுவந்து குழாய் வைத்துக் கொட்ட ஆரம்பித்தார்கள். சாக்கு நின்றுபோனது, கிடந்த பழைய சாக்குகளையும் விற்றுவிட்டார்கள். அங்கேதான் அவள் தப்பு செய்தாள். வீட்டிலிருந்து பழைய துணிகளைக் கொண்டுவரத் தொடங்கினாள்.

முதலில் துண்டு, பிறகு தலையணை உறை, பிறகு திரைச்சீலை. அவள் மகள் ஒரு அச்சகத்தில் வேலை பார்க்கிறவள், காலை எட்டு மணிக்குக் கிளம்பியாக வேண்டும்.

"அம்மா, குளிச்சிட்டுத் துடைக்கத் துண்டில்ல. நேத்து கொடியில மூணு இருந்துச்சு. இந்த வீட்டுல துணிக்குக் கால் முளைச்சிருக்கா?"

"காத்துல பறந்திருக்கும்."

"நம்ம வீட்டுக் கொடி மாடிப்படிக்குக் கீழ இருக்கு. அங்க எங்கேர்ந்தும்மா காத்து?"

பிரசவக்கா அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். பொய் சொல்வது அவளுக்குக் கைவராத கலை.

சணல் சாக்கு தடிமன், பன்றி எவ்வளவு இழுத்தாலும் முழுசாகவே இருக்கும். துணி அப்படியில்லை. நார் நாராகக் கிழியும். கிழிந்த பட்டைகள் பலகை இடைவெளியில் நழுவிக் கீழே போய்விடும். போனால் போகட்டும், மற்றதெல்லாம் கரைந்து போகிற மாதிரி இதுவும் கரைந்துவிடும் என்று நினைத்தாள். இத்தனை வருஷம் மோட்டாரோடு குடித்தனம் நடத்தினவளுக்கு மோட்டாரைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

முதல் அடைப்பு வந்தபோது கணவர் தோளைக் குலுக்கிக்கொண்டார். இரண்டாவது அடைப்பில் தொட்டி நிரம்பி நாற்றம் கொட்டகைக்குள் ஏறியது. மேனேஜர் அவரைக் கூப்பிட்டு வெளுத்து வாங்கிவிட்டார். மேனேஜர் இரண்டு வருஷம் முன்னால் வந்த அம்மாள். கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் பலகையில் எழுதிக் காட்டினால்தான் நம்புவார், பலகையில் இல்லாதது அவருக்கு உலகத்திலேயே இல்லை.

"இன்னொரு தடவை அடைச்சா, பம்ப் வேலையை வெளிக் கம்பெனிகிட்ட குடுத்திடுவேன். அப்புறம் உங்களுக்கு இங்க வேலையில்ல. சொல்லிட்டேன்," என்றார்.

அன்று சாயங்காலம் மோட்டார் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் ஈரமான கறுப்பு உருண்டை ஒன்றை வைத்தார்.

"பாரு. துணி. யாரோ தொட்டிக்குள்ள துணி போடறாங்க. யாருன்னு தெரிஞ்சா கையை ஒடைச்சிடுவேன்."

பிரசவக்கா குனிந்து பார்த்தாள். உருண்டையின் ஓரத்தில் அவர்கள் வீட்டுத் திரைச்சீலையின் மஞ்சள் பூ ஒன்று லேசாகத் தெரிந்தது. அவர் கண்ணில் படவில்லை. வீட்டுத் திரைச்சீலை என்ன நிறம் என்று எந்தக் கணவருக்குத் தெரியும்?

சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தாள். சொன்னால் அவர் கோபத்தைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதோடு துணி நின்றுவிடும், தாய்ப்பன்றிகள் பழையபடி கம்பியைக் கடிக்கும். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். நாளை என்பது மூன்று நாளாயிற்று. அந்த மூன்று நாளும் அவர் ஒவ்வொரு கொட்டகையாகப் போய் எல்லோரையும் விசாரித்தார். குட்டிகளை வளர்க்கிற கொட்டகைக்காரரோடு பெரிய சண்டை. பத்து வருஷமாக ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தால் பம்பின் வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு உத்தரத்தையே பார்ப்பார். இனிமேல் துணி கிடையாது என்று அவள் தனக்குத் தானே சத்தியம் செய்துகொண்டாள்.

நாலாம் நாள் நாற்பத்தொன்றுக்கு நேரம் வந்தது. இதற்கு முன் இரண்டு பேறுக்கும் அதற்குப் படுக்கை கிடைத்திருந்தது. அது முதலில் அவள் கையைப் பார்த்தது. பிறகு ஆணியில் தொங்கிய பையைப் பார்த்தது. பை தட்டையாகத் தொங்கியது. நாற்பத்தொன்று மறுபடி அவள் முகத்தைப் பார்த்து, கேள்வி கேட்கிற மாதிரி சின்னதாக ஒரு சத்தம் கொடுத்தது. அவள் வேறு பக்கம் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால், கொட்டகையிலேயே கெட்டிக்காரப் பன்றி தலையைத் தாழ்த்தி ஒன்றுமில்லாததைக் கவ்விக்கொண்டிருந்தது.

சத்தியமாவது ஒன்றாவது. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு நீலச் சட்டை தொங்கியது. யாருடையது என்று யோசிக்கக்கூட இல்லை. எடுத்துக் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் காலரைப் பார்த்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மோட்டார் நின்றது.

கொட்டகையின் கோடியில் தொட்டியின் மூடியைத் திறந்து, அவர் இடுப்பளவு உள்ளே இறங்கி, கொக்கியால் துழாவினார். மேனேஜர் பூட்ஸோடு மேலே நின்றார். பிரசவக்கா வாளியைப் பிடித்தபடி நாலடி தள்ளி நின்றாள். கொக்கியில் சிக்கி வந்தது ஒரு கை, ஒரு பாக்கெட், பாதிக் காலர். காலருக்குள் சிவப்பு நூலால் தைத்த அடையாளம். சலவைக்குப் போடும்போது மாறிவிடக் கூடாது என்று அவர் கையாலேயே தைத்தது.

"இது யாரோட சட்டை?" என்றார் மேனேஜர்.

மோட்டார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கதவுக்குப் பின்னாலிருந்த வெறும் ஆணியைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னோடதுதான் மேடம்."

"உங்க சட்டை எப்படி உள்ள போச்சு?"

"கையைத் துடைச்சிட்டு ஓரமா வச்சிருப்பேன். விழுந்திருக்கும். என் தப்புதான்."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

பத்தொன்பது வருஷத்தில் ஒரு ஸ்பேனரைக்கூட இடம் மாற்றி வைக்காத மனுஷர் அவர். இடுப்பளவு நாற்றத்தில் நின்றுகொண்டு, மேனேஜர் காதுபட, நான் கவனக்குறைவானவன் என்று சொன்னார். அதைக் கேட்டபோது பிரசவக்காவுக்கு இதுவரை அவரிடம் தோன்றாத அளவு பிரியமும், தன்மேல் இதுவரை தோன்றாத அளவு ஆத்திரமும் ஒன்றாக வந்தன. வாயை மூடிக்கொண்டிருந்தால் இவர் வேலை போகும். திறந்தால் இவள் வேலை போகும், தாய்ப்பன்றிகளின் படுக்கையும் சேர்ந்து போகும்.

"அவர் பொய் சொல்றார் மேடம்," என்றாள். "துணி போட்டது நான். சட்டையைக் குடுத்ததும் நான்தான்."

"குடுத்தீங்களா? யாருக்கு?"

"நாப்பத்தொண்ணுக்கு. ஒரு வருஷமா எல்லாத்துக்கும் ஏதாவது குடுத்துக்கிட்டுதான் இருக்கேன்."

மேனேஜர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஒரு வருஷமாக விதியை மீறியது, தொட்டியைக் கெடுத்தது, அதற்காக வேறொருவர் திட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். ஒன்றுகூடப் பொய்யில்லை. பிரசவக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

"எல்லாம் சரிதான் மேடம். என்னை அனுப்பணும்னா அனுப்புங்க. போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. அறுபத்துமூணுக்கு நாளைக்குப் பேறு. இவகிட்ட வந்து ஒரு கால் மணி நேரம் நில்லுங்க. ஒண்ணும் பேச வேண்டாம்."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, வந்து நின்றார். மோட்டாரும் தொட்டியிலிருந்து ஏறி, சொட்டச் சொட்ட வந்து நின்றார்.

பயந்த சுபாவமுள்ள அறுபத்துமூன்று மூன்று பேரைக் கண்டதும் முதலில் அசையாமல் இருந்தது. ஆனால் உடம்பு சொல்வதை எவ்வளவு நேரம்தான் அடக்க முடியும்? தரையைப் பறித்தது. பறித்த இடத்தை மோந்து பார்த்தது. தலையை முன்னால் நீட்டி, வாய் திறந்து, கவ்வி, வலது பக்கமாகக் கொண்டுவந்து கீழே வைத்து, மூக்கால் ஒதுக்கியது. திரும்பவும் தலையை நீட்டியது. மூன்றாவது தடவை வைத்ததை அதற்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. எடுத்து வேறு இடத்தில் வைத்தது.

"என்ன பண்ணுது இது?" மேனேஜரின் குரல் இறங்கியிருந்தது.

"படுக்கை போடுது மேடம்."

"எதை வச்சு?"

"ஒண்ணுமில்லாததை வச்சு."

கால் மணி நேரம் என்பது அரை மணி ஆயிற்று. பிறகு மேனேஜர் சுவரில் தொங்கிய பலகையிடம் போனார். பிறந்தது எத்தனை, நசுங்கினது எத்தனை என்று ஒவ்வொரு பேறுக்கும் பிரசவக்கா கையாலேயே எழுதினது. விரலை வைத்துக் கீழேயிருந்து மேலே படித்தார், பழைய தாள்களைப் புரட்டினார், மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"போன வருஷம் நசுங்கினதுல பாதிதான் இந்த வருஷம் நசுங்கியிருக்கு. நான் புதுக் கூண்டு நல்லா வேலை செய்யுதுன்னு மேல எழுதி அனுப்பிட்டேன்," என்றார்.

"கூண்டு பழசுதான் மேடம். பெயிண்ட்தான் புதுசு."

மேனேஜருக்குச் சிரிப்பு வந்ததா என்பது தெரியவில்லை. வந்திருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை. "என்ன பண்ணினாலும் தொட்டி அடைக்கக் கூடாது. அதுக்கு வழி இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டார்.

இதற்குள் மோட்டார் எங்கோ போய்விட்டு வந்திருந்தார். கையில் ஒரு சணல் சாக்கு. அவருடைய அறையில் கருவிகளைச் சுற்றி வைத்திருப்பது. ஒரு முனையை மடித்துக் கயிறு போட்டுக் கூண்டின் முன்கம்பியில் இறுக்கிக் கட்டினார். மீதி தரையில் புரண்டது.

"சாக்கு கிழியாது மேடம். கட்டி வச்சா நழுவாது. இழுக்கட்டும், மடிக்கட்டும், எது வேணா பண்ணட்டும். துணியை உள்ள விட்டா என் கையைத்தான் உள்ள விடணும். இது வேற."

அறுபத்துமூன்று சாக்கை மோந்தது. ஓரத்தைக் கவ்வி இழுத்தது. எதிர்ப்பு இருந்தது, கனம் இருந்தது, வாய்க்குள் உண்மையிலேயே ஏதோ இருந்தது. அதன் காதுகள் இரண்டும் முன்னால் வந்தன. மறுகணம் மூன்று பேர் நிற்கிறார்கள் என்பதையே மறந்துவிட்டு வேலையில் மூழ்கிவிட்டது.

தீர்ப்பு அங்கேயே வந்தது. ஆறு கூண்டுக்கு மூன்று மாதம் சாக்கு கட்டிப் பார்ப்பது. கட்டுவதும் கவனிப்பதும் எழுதுவதும் மோட்டாரின் பொறுப்பு, ஏனென்றால் அடைத்தால் தொட்டிக்குள் கையை விடப் போகிறவர் அவர்தான். பிரசவக்காவுக்கு அந்த மூன்று மாதமும் தீனி அறை. கொட்டகைப் பக்கமே வரக் கூடாது.

"தண்டனை இல்லாம விட்டா நாளைக்கு ஒவ்வொருத்தரும் ஒரு சட்டையோட வருவாங்க," என்றார் மேனேஜர்.

நியாயமாகத்தான் பட்டது. கையைக் கழுவிக்கொண்டு, நாற்பத்தொன்றின் நெற்றியை ஒரு தட்டு தட்டிவிட்டு, அழாமல் வெளியே வந்தாள். அழுகை வீட்டுக்குப் போகிற வழியில் வந்தது. கணவர் பக்கத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

"சொல்லியிருக்கலாம்ல," என்றார் கொஞ்ச தூரம் போன பிறகு.

"சொன்னா கையை ஒடைச்சிடுவேன்னீங்க."

"அது வேற யாராவதுன்னு நினைச்சுச் சொன்னது." இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார். "குடுத்ததுதான் குடுத்தே, நல்ல சட்டையாப் பாத்துக் குடுத்தியே. பழசு ஒண்ணு பக்கத்துலயே தொங்குச்சு."

"அவசரத்துல எதுன்னு பாக்கல."

"நாப்பத்தொண்ணு பாத்திருக்கும். அதுக்கு நல்லது கெட்டது தெரியும்னு நீதானே சொல்லுவே."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து புரையேறியது. அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு முதுகைத் தட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் மகளுக்கும் உண்மையைச் சொல்லியாயிற்று. அவள் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "அப்போ என் போர்வை?" என்றாள்.

மறுநாள் காலை தீனி அறையில் வேலை. ஒரு பெரிய உருளை மிக்சர், சுவர் அதிரச் சுற்றும். நொறுக்கின தானியத்தை ஒரு பக்கம் கொட்டினால் இன்னொரு பக்கம் கலந்து வரும். தூசி புருவத்தில்கூட உட்கார்ந்துகொள்ளும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் இருநூறு அடி தள்ளிப் பிரசவக் கொட்டகையின் கூரை. இந்நேரம் அறுபத்துமூன்றுக்கு வலி எடுத்திருக்கும். இந்நேரம் முதல் குட்டி. பயந்த பன்றி, புது ஆட்கள். அவளுக்குக் கை வேலையில் இருந்ததே தவிர மனம் அங்கே இல்லை. வாழ்க்கையில் இத்தனை பேறு பார்த்தவளுக்கு, பார்க்காத இந்த ஒன்று பெரிய பாரமாக இருந்தது.

உச்சிவெயில் நேரத்தில் கணவர் வந்தார். முழங்கைவரை ஈரம். கொட்டகைச் செருப்போடு தீனி அறைக்குள் வரக் கூடாதென்பதால் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். அவள் ஓடிப்போய்ப் படிக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"படுத்துட்டா," என்றார். மிக்சர் சத்தத்தில் கத்த வேண்டியிருந்தது.

"எத்தனை?"

"பன்னெண்டு. ஒண்ணும் நசுங்கல."

"தொட்டி?"

"தொட்டியை யாரு பாத்தா? இதைக் கேளு. காலைல எட்டு மணி வரைக்கும் சாக்கை வச்சு என்ன பாடுபட்டா தெரியுமா. அப்புறம் போதும்னு படுத்தா. அஞ்சாவது குட்டி பொறந்து பின்பக்கமே தங்கிடுச்சு. அவளால திரும்பிப் பாக்க முடியல, அந்தக் கம்பி இடிக்குது. சத்தம் மட்டும் குடுத்தா. குடுத்துக்கிட்டே இருந்தா. அந்தக் குட்டி, ஒடம்பு ஈரம்கூடக் காயல, நேரா நிக்கத் தெரியல, விழுந்து எழுந்து, அந்தச் சத்தத்தையே பிடிச்சுக்கிட்டு முகத்துக்கிட்ட வந்து சேந்துச்சு. மூக்கோட மூக்கு வச்சுச்சு. அப்புறம்தான் அவ சத்தத்தை நிறுத்தினா."

அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "அந்தப் பக்கக் கம்பிக்கு ஒரு கீல் போட்டா வெளிய திறக்கும். அளந்து பாத்துட்டேன். மேனேஜர்கிட்ட கேக்கப் போறேன்," என்றார். அதற்குப் பிறகு சொல்ல வந்ததை வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பத்தொம்பது வருஷம். இதெல்லாம் என் தலைக்கு மேலயே நடந்திருக்கு. நான் ஒரு நாள்கூட நிமிந்து பாக்கல."

பிரசவக்காவுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது, அதை மறைப்பானேன். ஆனால் பொறாமையைவிடச் சந்தோஷம் பெரியதாக இருந்தது. இத்தனை வருஷமாகத் தினமும் வீட்டுக்கு வந்து பதினேழு கோபித்துக்கொண்டதையும் நாற்பத்தொன்று கதவைத் திறந்ததையும் அவள் சொல்லுவாள், அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு உம் கொட்டுவார். இன்றைக்கு அவர் சொல்ல வந்திருக்கிறார், அதுவும் சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு.

அவள் உள்ளே போய் மிக்சரை நிறுத்தினாள். அறை சட்டென்று அமைதியானது. ஒரு காலி வாளியைப் படியோரம் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றாள். "ஒண்ணையும் விட்டுடாதீங்க."

அவர் படிக்கு வெளியே குந்தி உட்கார்ந்தார். இரண்டு கையையும் காற்றில் நீட்டி, சாக்கின் ஓரத்தை அறுபத்துமூன்று எப்படிக் கவ்வியது என்று செய்து காட்ட ஆரம்பித்தார்.